பொதுச்சுவர்

தயாபுரத்தில் ஒரு வீட்டின் வலி அடுத்த வீட்டிலும் வலிக்கத் தொடங்கியது ஒரு கடைவாய்ப் பல்லில்தான். தையல்காரர் ஒருவர் பல் குடைகிறது என்று விடிந்தும் விடியாமலும் பஸ் ஏறிப் பட்டணம் போய், உமக்கு எல்லாப் பல்லும் நன்றாகத்தானே இருக்கிறது என்று டாக்டர் சொல்லச் சொல்லக் கேளாமல் ஒன்றைப் பிடுங்கிக்கொண்டு, வாயில் பஞ்சோடு ஊர் திரும்பினால், வலி இருந்த இடத்திலிருந்து இம்மியும் நகரவில்லை. அதே நேரத்தில் அடுத்த வீட்டு வாத்தியார், தன் சொத்தைப் பல் நேற்றைக்கு வலித்ததில் பாதிதான் இன்றைக்கு வலிக்கிறது என்று கிராம்புத் தைலத்தின் மகிமையைப் போகிற வருகிறவர்களிடம் சொல்லிக்கொண்டிருந்தார். வாத்தியார் தன் பல்லைப் பிடுங்கிய அன்றுதான் தையல்காரருக்கு வலி நின்றது. அதற்குள் மூன்றாம் வீட்டுக்காரி தனக்கும் கொஞ்சம் வலித்ததாகவும், நான்காம் வீட்டுக்காரர் தனக்கும் லேசாகக் கூசியதாகவும் சொல்ல, விஷயம் வெளியே வந்துவிட்டது.

தயாபுரம் தேரிக்காட்டின் ஓரத்தில், செம்மணலும் பனையும் முடிகிற இடத்தில், முன்னொரு காலத்தில் ஒரு வெள்ளைக்கார ஐயர் கோடு கிழித்துக் கட்டிய ஊர். அந்தப் பக்கத்தில் சபைப் போதகரை ஐயர் என்றும் தேவாலயத்தைக் கோயில் என்றும்தான் சொல்வார்கள். ஊர் முழுக்க ஒரே வரிசை. கோயிலைப் பார்த்தபடி வீடுகள் தோளோடு தோள் ஒட்டி நிற்கும். இரண்டு வீட்டுக்கு நடுவில் ஒரே சுவர். சுண்ணாம்பை மிச்சப்படுத்தத்தான் அப்படிக் கட்டினாரா, விசுவாசிகள் ஒருவர் ஜெபத்தை ஒருவர் கேட்கட்டும் என்று கட்டினாரா, அது அவருக்கே வெளிச்சம். பொதுச்சுவரில் ஒரு காலண்டர் மாட்ட ஆணி அடிக்க வேண்டுமானாலும் அடுத்த வீட்டில் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத்தான் அடிக்க வேண்டும் என்பது அங்கே எழுதாத சட்டம். வலி போனதும் அந்தச் சுவர் வழியாகத்தான்.

அதன் ஒழுங்கு சீக்கிரமே எல்லாருக்கும் பிடிபட்டது. ஒரு வீட்டில் ஒருவருக்கு வலித்தால் அது சுவரைத் தாண்டி அடுத்த வீட்டுக்குப் போகும், அங்கிருந்து அதற்கடுத்த வீட்டுக்கு, இப்படி ஊர்க்கோடி வரை போகும். போகப் போகப் பங்கு பிரிந்து, நோயாளிக்கும் அந்த அளவுக்குக் குறையும். வலி வீட்டோடு சேர்ந்தது என்பதால் அந்த வீட்டுக்காரர் சந்தைக்குப் போனாலும் சென்னைக்குப் போனாலும் கூடவே போகும். விருந்துக்கு வந்தவர்களை ஒன்றும் செய்யாது. வேடிக்கை என்னவென்றால், ஒரே வீட்டுக்குள் இருப்பவர்களிடையே அது பரவாது. புருஷனுக்குத் தலைவலி என்பது பெண்டாட்டிக்குத் தெரியாது, அடுத்த வீட்டுக்காரிக்குத் தெரியும்.

அது ஏன் நடந்தது என்று தயாபுரத்தார் மூளையைக் குழப்பிக்கொள்ளவில்லை. நடந்ததை எப்படி வைத்துக்கொள்வது என்பதுதான் அவர்கள் கவலை. யாருக்காவது அடிபட்டால் உடனே சுவரைப் பார்த்துக் குரல் கொடுப்பது பழக்கமாயிற்று: "மைனி, பதறாதிய, நாந்தான், அருவாமனை வெட்டிட்டு." அந்தப் பக்கமிருந்து, சரி சரி, மஞ்சளை வை என்று பதில் வரும். ஐயருக்கு உதவியாகக் கோயில் வேலை பார்க்கும் உபதேசியார் கல்யாணமாகாதவர், கூச்ச சுபாவம் உள்ளவர். அடுத்த வீட்டுப் பெண்ணுக்குத் தலைப்பிரசவ வலி எடுத்த அன்று அவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு கோயிலைச் சுற்றிச் சுற்றி ஓடினார். குழந்தை பிறந்ததும் முதலில் அழுதது அவர்தான் என்று இன்றும் அவரைக் கேலி செய்வார்கள். பெண்டாட்டியை அடிக்கிற ஒருவனை, அந்த அடி கன்னத்தில் விழுந்த இரண்டு பக்கத்து வீட்டு ஆண்களும் வந்து நையப் புடைத்தார்கள். அவனை அடித்த அடியும் தங்களுக்கே வந்து சேரும் என்பது அடித்து முடித்த பிறகுதான் அவர்களுக்கு உறைத்தது. எப்படியோ, தயாபுரத்தில் பெண்டாட்டியை அடிப்பது நின்றது.

செய்தி பரவி, வெளியூர்ச் சபைகளிலிருந்து வேன் பிடித்து வந்து பார்த்தார்கள். ஊர் வாசலில் 'அன்பின் கிராமம் உங்களை வரவேற்கிறது' என்று பலகை நட்டார்கள். ஐயர் வாராவாரம் அதைப் பற்றியே பிரசங்கித்தார். அவருடைய வீடு கோயிலுக்குப் பின்னால் தனிக் காம்பவுண்டுக்குள் இருந்ததால் அவருக்கு யாருடைய வலியும் ஒருநாளும் வந்ததில்லை. அதனாலோ என்னவோ, வலியைச் சுமப்பதைப் பற்றி அந்த வட்டாரத்திலேயே அவர்தான் மிக நன்றாகப் பேசினார். நான் பக்கத்து ஊர்க்காரன். எங்கள் ஊரில் வீட்டுக்கு வீடு சந்து உண்டு, ஆகவே எங்களுக்கு இந்தப் பெருமையும் வரவில்லை, பின்னால் வந்த சிறுமையும் வரவில்லை. எங்களுக்கு வந்திருந்தால் இதைவிட லட்சணமாக நடந்திருப்போம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அப்புறம் எப்சிபாய்க்கு நோய் வந்தது.

எப்சிபாய் டீச்சர் வரிசையின் நடுவில் தனியாக இருந்தவள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஊரில் பாதிப் பேருக்கு அ, ஆ சொல்லிக்கொடுத்ததும், மீதிப் பேரை ஓய்வுநாள் பள்ளியில் பாட்டுப் பாட வைத்ததும் அவள்தான். கோயிலில் அவள் குரல் எழும்பினால் ஆண்கள் பக்கத்தில் தூங்குகிறவர்களும் நிமிர்ந்து உட்காருவார்கள். அவளை ஊர் நேசித்தது, அதில் பொய் இல்லை. இடுப்பெலும்பில் புற்று என்று பெரிய ஆஸ்பத்திரியில் பார்த்து, கொஞ்ச நாள் வைத்திருந்து, வீட்டுக்குக் கூட்டிப் போங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். அவர்கள் கொடுத்த மாத்திரை சில நாள் கேட்டது, அப்புறம் கேட்கவில்லை. ஆனால் தயாபுரம் கேட்டது. ஊர்க்கோடி முதல் ஊர்க்கோடி வரை ஒவ்வொருவர் இடுப்பிலும் ஓர் எறும்பு கடித்தது, அவ்வளவுதான். எல்லாரும் சேர்ந்து சுமந்தபோது அந்தக் கொடிய நோய் தலைக்கு ஓர் எறும்புக் கடியாகத்தான் இருந்தது. எப்சிபாய் கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்து கீர்த்தனை பாடினாள். பெண்கள் சேலையை இழுத்துச் சொருகிக்கொண்டு இடுப்பைத் தடவிவிட்டுக்கொண்டே, நம்ம டீச்சருக்காகத்தானே என்று சொல்லிச் சிரித்தார்கள். அந்த நாட்களில் தயாபுரத்தைப் பார்த்தவர்கள், பரலோகம் என்பது ஓட்டு வீடுகளின் வரிசையாகத்தான் இருக்கும் போலிருக்கிறது என்று நினைத்தார்கள்.

நோய் வளர்ந்தது, பங்கும் வளர்ந்தது. எறும்பு கட்டெறும்பாயிற்று. தெற்குக் கோடி வீட்டில் பெண்ணுக்குக் கல்யாணம் வைத்திருந்தார்கள். மணமேடையில் பிள்ளை இடுப்பைப் பிடித்துக்கொண்டு முகம் சுளித்து நின்றால் மாப்பிள்ளை வீட்டார் என்ன நினைப்பார்கள் என்று தகப்பனுக்குக் கவலை. அவர்தான் அந்த வழியைக் கண்டுபிடித்தார். பொதுச்சுவரை அடுத்த வீட்டுக்கே விட்டுவிட்டு, தன் வீட்டு முன்சுவர், பின்சுவர், கூரை மூன்றையும் அதிலிருந்து ஒரு சாண் தள்ளி அறுத்துவிட்டால் போதும். திறந்து கிடக்கும் பக்கத்துக்குப் பிறகு புதுச்சுவர் எழுப்பிக்கொள்ளலாம். கல்லறுக்கிற மெஷின் வைத்தால் அரை நாள் வேலை. அறுத்த அந்த நிமிஷமே அவர் வீட்டில் வலி நின்றது. மற்றவர்களுக்குக் கூடிய பங்கு கண்ணுக்குத் தெரியாத அளவு என்பதால் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை, கல்யாணத்துக்கு எல்லாரும் போய்ச் சாப்பிட்டுவிட்டுத்தான் வந்தார்கள்.

அதற்கடுத்த வீட்டில் மகன் பன்னிரண்டாம் வகுப்புப் பரீட்சை எழுதவேண்டியிருந்தது, தாய் அறுக்கச் சொன்னாள். அதற்கடுத்த வீட்டில் மருமகள் முழுகாமல் இருந்தாள், மாமியார் அறுக்கச் சொன்னாள். வடக்குக் கோடியில் ஒருவருக்கு இருதயம் பலவீனம், பெண்டாட்டி கையெடுத்துக் கும்பிட்டு அறுக்கச் சொன்னாள். இன்னொரு வீட்டில் கைக்குழந்தை காரணம் தெரியாமல் ராப்பகலாக வீறிட்டது, அதைக் கேட்டுக்கொண்டு எந்தத் தகப்பன்தான் சும்மா இருப்பான், அவனும் அறுத்தான். இரண்டு கோடியிலிருந்தும் வீடுகள் இப்படி ஒவ்வொன்றாகக் கழன்றன, கழன்ற வீட்டின் பங்கு ஒட்டியிருந்த வீடுகளின்மேல் விழுந்தது, விழ விழ அவர்களும் அறுக்க வேண்டியதாயிற்று. எப்சிபாயை வெறுத்து ஒருவரும் அறுக்கவில்லை, இதை நான் சத்தியம் பண்ணிச் சொல்வேன். ஒவ்வொருவரும் தன் வீட்டில் யாரோ ஒருவர்மேல் வைத்த பாசத்தினால்தான் அறுத்தார்கள். பாசத்துக்கு அப்படி ஒரு கத்தி உண்டு.

தையல்காரருக்கு மட்டும் மனசாட்சி உறுத்தி, அறுத்த இரண்டாம் நாளே சிமெண்டைக் குழைத்து இடைவெளியை அடைத்துப் பார்த்தார். வலி திரும்பி வரவில்லை. ஒருதரம் அறுபட்ட வீடு பிறகு எதையும் வாங்கிக்கொள்வதில்லை என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. அதில் தனக்கு வருத்தமா, ஆறுதலா என்று தையல்காரருக்கே விளங்கவில்லை. அவர் கதவைச் சாத்திக்கொண்டு வெகுநேரம் அழுதார், அப்புறம் நன்றாகத் தூங்கினார்.

விவகாரம் சபைக் கமிட்டிக்கு வந்தது. வீட்டை அறுத்துக்கொள்வது பாவமா இல்லையா என்று ஒரு முடிவு தெரிந்தால் நிம்மதியாக அறுக்கலாம் என்பது மீதி இருந்தவர்களின் எண்ணம். அயலானை நேசிக்க வேண்டும் என்பதில் யாருக்கும் மாற்றுக் கருத்து இல்லை. அயலான் என்றால் யார் என்பதில்தான் பேச்சு நீண்டது. கமிட்டிச் செயலாளர் ஆசீர் சட்டம் படித்தவர். அவர் சொன்னார், பொதுச்சுவர் உள்ளவன் அயலான், பொதுச்சுவர் இல்லாதவன் சகோதரன். அயலானுக்காகச் சுமக்க வேண்டும், சகோதரனுக்காக ஜெபிக்கவும் அவனைப் போய் விசாரிக்கவும் வேண்டும். இந்த விளக்கம் எல்லாருக்கும் பிடித்திருந்தது. ஐயர் தலையைக் குனிந்து முடிவுஜெபம் செய்தார்.

அதன் பிறகு எப்சிபாய்க்குச் சகோதர சகோதரிகள் பெருகினார்கள். ஆரஞ்சுப் பழமும் சத்துமாவும் வாங்கிக்கொண்டு வந்து கட்டிலைச் சுற்றி உட்கார்ந்து, அவள் கையைப் பிடித்துக்கொண்டு, அவள் பல்லைக் கடிப்பதைப் பார்த்துக் கண்ணீர் விட்டார்கள். வீட்டுக்குத் திரும்பும்போது, போய்ப் பார்த்துவிட்டு வந்தது மனசுக்கு எவ்வளவு சமாதானமாக இருக்கிறது என்று ஒருவரிடம் ஒருவர் சொல்லிக்கொண்டார்கள். வீடு தவறாமல் சாயங்காலக் குடும்ப ஜெபத்தில் அவள் பெயர் இருந்தது. முதலில் சுகத்தைக் கேட்டார்கள், பிறகு பெலனைக் கேட்டார்கள், பிறகு உமது சித்தம் ஆகட்டும் என்றார்கள், கடைசியில் அவளை உமது இளைப்பாறுதலுக்குள் எடுத்துக்கொள்ளும் ஆண்டவரே என்று உருகினார்கள். அப்போது நடு வரிசையில் இரண்டு மூன்று வீடுகள்தான் இன்னும் ஒட்டியிருந்தன, அந்த வீடுகளிலிருந்துதான் அந்த ஜெபம் சத்தமாகக் கேட்டது. ஜெபம் கேட்கப்படவில்லை என்று கண்டதும் அவர்களும் அறுத்தார்கள், ஞானப்பூவைத் தவிர.

ஞானப்பூ எப்சிபாயின் வடக்குச் சுவருக்கு அந்தப் பக்கம் இருந்தவள். புருஷன் இல்லை, ஒரே மகன் எட்வின் பல வருஷமாகக் கோயம்புத்தூரிலேயே குடியிருந்து மோட்டார்க் கம்பெனியில் வேலை பார்த்தான், வலியின் கணக்கில் அவன் விருந்தாளிதான். கருப்பட்டியும் கருவாடும் சந்தைக்குச் சுமந்து விற்பாள். வாய் கொஞ்சம் நீளம். அவளிடம் வாங்கிக் கட்டிக்கொள்ளாதவர் தயாபுரத்தில் யாரும் இல்லை. அவளுக்கும் எப்சிபாய்க்கும் வருஷக்கணக்காகப் பேச்சு கிடையாது. ஞானப்பூவின் புருஷன் குடிகாரன். பல வருஷமாக நற்கருணை எடுக்காதவன். அவன் இறந்தபோது, சபை ஒழுங்குப்படி அவனுக்குக் கோயில்மணி அடிக்கக்கூடாது என்று கமிட்டியில் எழுந்து சொன்னவள் எப்சிபாய். கமிட்டி அதை ஒப்புக்கொண்டது. எந்த நாதியற்றவனுக்கும் அடிக்கிற மணி அடிக்காமல் அவனைத் தூக்கிக்கொண்டு போனார்கள். அன்றைக்கு ஞானப்பூ தெருவில் நின்று எப்சிபாயைச் சபித்த சாபத்தை எழுத எனக்குக் கை கூசும்.

ஆகவே கடைசியாக அறுக்காமல் நின்றது ஞானப்பூதான் என்றபோது, அவளுக்கு வலிக்கவில்லை போலிருக்கிறது என்று ஊரார் நினைத்தார்கள். வலித்தது. பாதி வலித்தது. கருவாட்டுக் கூடையோடு சந்தைக்குக் கிளம்பினால் வழியில் எங்காவது பனைமூட்டில் உட்கார்ந்துவிடுவாள், சேலைத் தலைப்பைச் சுருட்டி வாயில் வைத்துக் கடித்துக்கொண்டு, மணலைக் கையால் பிறாண்டிக்கொண்டு, விட்டதும் எழுந்து நடப்பாள். அப்புறம் சந்தைக்குப் போவது நின்றது. வடக்குப் பக்கத்து வீட்டுக்காரர்கள் தங்கள் பங்குக்கு அவளிடமிருந்தும் அறுத்துக்கொண்டார்கள். வரிசையில் மற்ற வீடெல்லாம் தனித்தனியாக நிற்க, இந்த இரண்டு வீடு மட்டும் ஒரு சுவரில் ஒட்டிக்கொண்டு நின்றன.

அது ஊருக்கு என்னமோ போலிருந்தது. ஐயரே அவளைப் பார்க்க வந்தார். நீ அறுத்துக்கொண்டாலும் கர்த்தர் உன்மேல் குற்றம் சுமத்தமாட்டார், உனக்கும் வயதாகிறது, டீச்சருக்கு நாங்கள் எல்லாரும் இருக்கிறோம் என்று தன்மையாகச் சொன்னார். அவர் நல்ல மனுஷன், மனசார வருத்தப்பட்டுத்தான் சொன்னார். அவரிடம் ஞானப்பூ சொன்னாள்:

"ஐயா, எனக்கு அவளக் கண்டா ஆவாது. ஆனா நான் அறுத்தா அது எங்க போவும்? வேற எங்கயும் போவாது, அவகிட்டதான் போவும். அதான் யோசன."

ஐயர் ஜெபிக்கட்டுமா என்று கேட்டார். உங்க இஷ்டம் என்று சொல்லிவிட்டு அவள் அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள்.

ஒருநாள் மத்தியானம், வலி கொஞ்சம் விட்ட நேரத்தில், சுவருக்கு அந்தப் பக்கமிருந்து எப்சிபாய் கூப்பிட்டாள். எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு அவள் அந்தப் பெயரைச் சொன்னது அன்றைக்குத்தான்.

"ஞானப்பூ, நீயும் அறுத்திரு. நான் ஒண்ணும் நெனைக்க மாட்டேன்."

ஞானப்பூ கேட்டாள்: "டீச்சர், எங்க வீட்டு மனுசனுக்கு மணி அடிக்கக்கூடாதுன்னு சொன்னது நீங்கதான?"

"நாந்தான். அப்ப அது சரின்னு பட்டுது."

"இப்ப?"

"இப்ப வலிதான் தெரியுது. வேற ஒண்ணும் தெரியல."

"அத நான் மன்னிக்கல. எங்கண்ணு மூடுத மட்டும் மன்னிக்கவும் மாட்டேன். அது வேற, இது வேற. பேசாம கெடங்க."

எப்சிபாய் அந்தப் பக்கம் அழுதாள் என்று ஞானப்பூவுக்குத் தெரிந்தது. அழுகை சுவரைத் தாண்டுவதில்லை, தெரிந்தது சத்தத்தால்தான்.

இதையெல்லாம் அன்பு என்று யாராவது ஞானப்பூவிடம் சொல்லியிருந்தால் அவள் காறித் துப்பியிருப்பாள். அன்பு என்ற வார்த்தை அவளுக்குக் கோயிலில் பாடுகிற வார்த்தை, ஊர் வாசலில் பலகையில் எழுதுகிற வார்த்தை. டீச்சரை நினைத்தால் அவள் மனசில் எந்த இளக்கமும் வரவில்லை. கோபம் போட்டது போட்டபடி கிடந்தது. எனக்கு இதில் ஓர் எரிச்சல் உண்டு, அதை மறைக்கமாட்டேன். எப்சிபாயை உயிருக்கு உயிராக நேசித்த அத்தனை பேரும் அறுத்துக்கொண்டு போக, அவளைப் பிடிக்காத ஒருத்தி மட்டும் நின்றாள் என்றால், நாம் இத்தனை காலமும் எதை நேசம் என்று பேர் வைத்துக் கூப்பிட்டுக்கொண்டிருந்தோம்?

ஆடி மாதம் கோயில் பிரதிஷ்டைப் பண்டிகை வந்தது. பண்டிகையின் கடைசி நாள் அசனம். அன்றைக்குத் தயாபுரத்தில் எந்த வீட்டிலும் அடுப்புப் பற்றவைக்கமாட்டார்கள். கோயில் வளாகத்தில் அடுப்பு வெட்டி, அண்டா அண்டாவாக ஆட்டுக்கறிக் குழம்பு கொதிக்கும். வடித்த சோற்றைப் புதுப்பாயில் மலை போலக் கொட்டுவார்கள். இருக்கிறவர் இல்லாதவர் என்ற பேச்சில்லாமல் பந்தலுக்குக் கீழே மணலில் வரிசையாக உட்கார்ந்து ஒரே சோற்றைத் தின்பார்கள். ஆதிச் சபையார் சாப்பிட்ட அன்பின் விருந்து இதுதான் என்று ஒவ்வொரு வருஷமும் ஐயர் மைக்கில் விளக்குவார்.

பண்டிகைக்கு எட்வின் வந்தான். வாசலில் நின்ற தாயை அவனுக்கு அடையாளம் தெரியவில்லை. பாதியாக வற்றி, கடித்துக் கடித்து உதடு புண்ணாகி நின்றாள். என்ன ஏது என்று விசாரித்து அறிந்தபோது அவன் சுவரில் முட்டிக்கொண்டு அழுதான். நீ ஏம்மா அந்தப் பொம்பளைக்காகச் சாகணும், அப்பாவுக்கு அவ செஞ்சது மறந்துட்டா என்று கேட்டான். மறக்கவில்லை என்றாள். கோயம்புத்தூருக்கு வந்துவிடு என்றான், வீடு ஒட்டியிருக்கும் வரை எங்கே போனாலும் வலி கூடவேதான் வரும் என்றாள். அப்படியானால் அறுத்துவிடுவோம் என்றான். சோலியைப் பார் என்றாள். அவன் அப்புறம் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. செயலாளர் ஆசீரைப் போய்ப் பார்த்தான்.

அசனத்தன்று காலையில் அவளுக்குப் புதுச்சேலை எடுத்துக் கொடுத்து, ஒரு நாளாவது என்கூட உட்கார்ந்து நல்லா சாப்பிடும்மா என்று குழந்தை மாதிரிக் கெஞ்சினான். அவள் மறுத்தாள், பிறகு மகன் முகத்துக்காக இறங்கினாள். கிளம்பும்போது சுவரைப் பார்த்து, "கோயிலுக்குப் போயிட்டு வாரேன், டீச்சர்" என்று சொல்லிவிட்டுப் போனாள். அங்கேயிருந்து பதில் வந்ததா இல்லையா என்பது எட்வினுக்குத் தெரியவில்லை.

பந்தலில் அவளுக்குப் பக்கத்திலேயே அவன் உட்கார்ந்தான். ஐயர் ஜெபித்தார், சோறு விழுந்தது, குழம்பு விழுந்தது. நல்ல கறித்துண்டாகப் பார்த்து எட்வின் தன் இலையிலிருந்து தாயின் இலைக்கு எடுத்து வைத்தான். அவள் முகத்தைச் சுளித்துக்கொண்டு, இடது கையால் இடுப்பை அமுக்கிக்கொண்டு, ஒரு பிடிச் சோற்றைப் பிசைந்து வாய்க்குக் கொண்டுபோகும்போது, அது நின்றது.

மொத்தமாக நின்றது. பல மாதமாகக் கோணிக் கிடந்த முதுகு தன்னால் நிமிர்ந்தது. முகத்துச் சுருக்கமெல்லாம் விட்டு அவள் இளம்பெண் மாதிரி ஆனாள். எதிர்வரிசையில் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் அதைக் கண்ணாரக் கண்டார்கள். "ஸ்தோத்திரம்" என்றாள் ஒருத்தி. வரிசை வரிசையாக அந்த வார்த்தை போயிற்று, இலையை விட்டு எழுந்து நின்று கைதட்டினார்கள், யாரோ மைக்கில் சங்கீதத்தைத் தொடங்கினார்கள். எட்வின் கண்ணைத் துடைத்துக்கொண்டு, இப்போது எப்படி இருக்கிறது என்று கேட்டான். அவள் கையிலிருந்த சோறு இலையில் விழுந்தது.

"ஏல, சொவர என்னல செஞ்ச?"

அவன் அவள் இலையில் சிதறிய சோற்றைக் கூட்டி வைத்தான்.

"எஞ் சொவர என்னல செஞ்ச?"

"ஒனக்காவத்தாம்மா" என்றான்.

அவள் எழுந்து, குழம்புக் கையோடு, புதுச்சேலை தடுக்கத் தடுக்க ஓடினாள். இத்தனை நாளும் நிமிர்ந்து நடக்க முடியாதவள் ஓடுவதைப் பார்த்து, பார்த்தீர்களா ஆண்டவரின் அற்புதத்தை என்று பின்னால் பாட்டு இன்னும் உயர்ந்தது. வீட்டு வாசலில் வெளியூர்க் கொத்தனார் மெஷினைக் கீழே போட்டுவிட்டு நின்றார். கூரையிலும் முன்சுவரிலும் வெளிச்சம் ஒரு சாண் அகலத்துக்கு நெட்டுக்குத்தாக விழுந்துகொண்டிருந்தது.

"யம்மா, நான் செவரத்தான் அறுத்தேன். ஆள ஒண்ணும் செய்யலியே. உள்ள யாரோ இப்பிடிக் கத்துதாவளே" என்றார் அவர்.

அந்தச் சத்தத்தைத் தயாபுரம் அதற்கு முன் கேட்டதில்லை. பங்கு போட யாருமில்லாமல் முழுவதும் ஒருத்தியின்மேல் விழுந்தபோது அது எப்படிக் கத்தும் என்று அங்கே யாருக்கும் தெரிந்திருக்கவில்லை. கோயில் ஒலிபெருக்கியில் பாட்டு ஓடிக்கொண்டிருந்ததால் அன்றைக்கும் பலருக்குக் கேட்கவில்லை.

ஞானப்பூ உள்ளே போனாள். எப்சிபாய் கட்டிலிலிருந்து கீழே விழுந்து கிடந்தாள். ஞானப்பூ தரையில் உட்கார்ந்து அவள் தலையைத் தூக்கி மடியில் வைத்து, இரண்டு கையாலும் அவளைச் சேர்த்து அமுக்கி, தன் இடுப்பை அவள் இடுப்போடு ஒட்டிவைத்துப் பார்த்தாள். எதுவும் வரவில்லை. உடம்பு லேசாக, சுகமாக, எங்கேயும் ஒரு நோவு இல்லாமல் இருந்தது. அந்தச் சுகம் அவளுக்குப் பொறுக்க முடியாததாக இருந்தது. எப்சிபாய் கத்தி ஓய்ந்த ஒரு மூச்சுக்கு நடுவில் கண்ணைத் திறந்தாள்.

"போயிட்டியா?" என்றாள்.

"போவல. இங்கனதான் இருக்கேன்" என்றாள் ஞானப்பூ. இருந்தும் பிரயோசனமில்லை என்பது இருவருக்குமே தெரிந்தது.

அன்று சாயங்கால ஆராதனையில், இனி தயாபுரத்தில் எந்த வீட்டின் வலியும் எந்த வீட்டுக்கும் போகாது என்று ஐயர் அறிவித்தார். சபையார் எழுந்து நின்று ஸ்தோத்திரக் காணிக்கை படைத்தார்கள். பெட்டியைத் தூக்கிக்கொண்டு கோயம்புத்தூர் பஸ்ஸுக்குப் போன எட்வினைத் தாய் வாசலுக்கு வந்து பார்க்கவில்லை. அவள் பாயை எடுத்துக்கொண்டு எப்சிபாயின் வீட்டுக்கே வந்துவிட்டாள். துடைத்தாள், கழுவினாள், கஞ்சி ஊட்டினாள், ஒரு மகள் செய்கிற எல்லாவற்றையும் செய்தாள். ஐப்பசி மழை தொடங்கும்வரை எப்சிபாய் உயிரோடு இருந்தாள்.